கடுங்குளிரில் டிரெய்லர் வாழ்க்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது அதிசயமில்லை. அங்கே கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்தில் டிராவல் டிரெய்லரை, அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை நிறுத்தி, குளிர்காலம் முழுக்க அதிலேயே இருப்பவர்கள் உண்டு. முடியாத காரியமில்லை. ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் கேஸ் தீர்ந்துவிடுமோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். காலை வாருவது பெரும்பாலும் பேட்டரி.

டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸ், சிலிண்டர் கேஸான புரோபேனில் எரிந்தாலும், சூட்டை உள்ளே தள்ளும் ஃபேன் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது. சுமார் 7, 8 ஆம்பியர் இழுக்கும். டிசம்பரில் அங்கே இரவு 15 மணி நேரம். அதில் பாதி நேரம் ஓடினாலே 50 ஆம்பியர்-ஹவருக்கு (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) மேல் போய்விடும். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில், அதைக் கெடுக்காமல் எடுக்க முடிவதே ஏறக்குறைய பாதி. குளிரில் அதுவும் குறையும். விடியற்காலையில் சிலிண்டரில் கேஸ் இருக்கும், ஃபர்னஸ் நின்றுபோயிருக்கும். அப்படி முழுக்க இறங்கிய லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 10 டிகிரி வாக்கில் உறைந்து வெடிப்பு விடவும் கூடும்.

சரி, லித்தியம் பேட்டரி போட்டால்? நல்ல முடிவுதான். ஆனால் அதை டிரெய்லரின் முன்பக்கம், வெளியே பெட்டியில் வைக்காதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஆட்கள் இருக்கும் அறைக்குள் வையுங்கள்.

சோலார் மட்டும் போதும் என்பது கோடைக்காலக் கணக்கு. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனலில் வெயில் சரியாக விழாது, பனி மட்டும் நன்றாக விழும். பேனலைத் தரையில் 60, 70 டிகிரி சாய்வில் நிறுத்தினால் பனியும் வழுக்கி விழும். அப்புறமும் மேகமூட்டமான வாரத்துக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் தேவை. அதை டிரெய்லரை விட்டுத் தள்ளி, வெளியே வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்த தவறு, குளிர் நுழையாமல் இருக்க எல்லா இடுக்குகளையும் அடைப்பது. ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. ஃபர்னஸ் அந்த ஈரத்தைப் புகைக்குழாய் வழியே வெளியேற்றிவிடும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரும் சமையல் அடுப்பும் அறைக்குள்ளேயே விடும். நம் மூச்சும் சேர்ந்து சுவரில் வழிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். சூடு கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை, கூரை ஜன்னலை விரல் அளவு திறந்தே வையுங்கள். மூடிய இடத்தில் கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அலாரம் இல்லாமல் தூங்கப் போவது அசட்டுத் துணிச்சல். பனி பெய்த ஒவ்வொரு முறையும் ஃபர்னஸ் புகைக்குழாயின் வாயை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் என் யோசனை: குழாய்களைக் காப்பாற்றப் போராடாதீர்கள். அவற்றைக் காலி செய்துவிட்டு, உள்ளே கேன்களில் தண்ணீர் வைத்துக்கொள்வது எளிது. கழிவுத் தொட்டி உறையாமலிருக்க டிரெய்லருக்கான இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் போதும்; கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம், அது வேண்டாம். டிரெய்லருக்கு அடியில் காற்று புகாமல் சுற்றிலும் ஃபோம் பலகை அடைத்தால் தரை வழியே போகும் சூடு நன்றாகக் குறையும். இதை மண் உறைந்து இறுகும் முன்பே செய்ய வேண்டும். டயருக்கும் ஜாக்குக்கும் கீழே மரக்கட்டை வைப்பதும் அப்போதே செய்யவேண்டிய வேலை. இல்லையென்றால் அவை தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். நடுக்குளிரில் அவசரமாக வண்டியை நகர்த்த முடியாது.