எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குத் தலையாட்டும் முன்

பில் போடும் நேரத்தில்தான் கேட்பார்கள்: "சார், இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டி சேத்துரலாமா?" உடனே சரி சொல்லாதீர்கள். விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்கி, எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்ற பகுதியை முதலில் படியுங்கள். நான் படிக்கவில்லை. டிவி திரையில் விரிசல் விழுந்தபோது, உடைசல் இதில் வராது என்று கைவிரித்துவிட்டார்கள்.

ஃபிரிட்ஜ் என்றால், கம்ப்ரஸருக்குப் பல கம்பெனிகள் தாமே 10 வருடம் தருகின்றன. ஆக, மிச்ச பாகங்களுக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம். அந்தத் தொகைக்கு அது தகுமா என்று பாருங்கள். பழுது பார்க்க வருவது கம்பெனி ஆளா, கடை ஆளா என்றும் கேளுங்கள்.

அப்புறம், பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்; அந்த வழவழத் தாளில் எழுத்து மங்கிவிடும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம்.