கரும்பு ஏறினால் நின்றுபோகும் வைஃபை: தோட்டத்துக்கு இணையம் இழுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் என் மாமா வீட்டுக்கும் அவருடைய மோட்டார் கொட்டகைக்கும் நடுவே 180 மீட்டர் இருக்கும். கொட்டகையில் ஒரு கேமரா வைத்து, வீட்டு இணையத்தையே வைஃபை வழியாக அதற்கும் கொடுத்தோம். வேலையை முடித்தது தை மாதம். கரும்பு வெட்டி, நிலம் வெட்டவெளியாகக் கிடந்தது. ஆறேழு மாதம் படம் தெளிவாக வந்தது. ஆவணியில் விட்டு விட்டு வந்து, புரட்டாசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. ரவுட்டர் கெட்டுவிட்டது என்றார் மாமா. நான் மாடியேறிப் பார்த்தேன். கொட்டகையின் கூரை மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் கருவியை மாட்டியிருந்த சுவர் சோகைக்குள் மறைந்திருந்தது. "மாமா, கரும்பு ஏறிடுச்சு" என்றேன்.

தோட்டத்துக்கு வைஃபை கொண்டுபோகிற பலரும் தூரத்தைத்தான் அளக்கிறார்கள். நடுவில் என்ன வளரப்போகிறது என்று பார்ப்பதில்லை. வைஃபை அலையை இலையில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிவிடும். வைஃபை வழக்கமாக ஓடும் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 5 கிகாஹெர்ட்ஸ் அலை இதில் அதிகம் அடிவாங்கும். நட்ட கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதத்தில் மூன்று மீட்டரைத் தொடும். கடலோரத்தில் சவுக்குக் கன்று முழங்கால் உயரத்தில் இருக்கும்போது கருவி மாட்டினால் இரண்டே வருடத்தில் அது வழியை அடைத்துவிடும். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வருடம் முழுக்க இலையோடு நிற்பவை. அந்தத் தோப்புகளுக்குள் காற்றில் அனுப்புவதை மறந்துவிட்டு, நேராகக் கேபிளுக்குப் போவதே நல்லது.

இன்னொன்றும் உண்டு. எதிரே இருக்கும் கருவி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை, நடுவழியில் புடைத்துக்கொண்டு போகும். 5 கிகாஹெர்ட்ஸில் 180 மீட்டருக்கு, நடுவில் அந்தப் புடைப்பு கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதனால்தான் மூன்று மீட்டர் கரும்புக்கு மேலே ஒன்றரை மீட்டர் சேர்த்து, இரண்டு முனையிலும் ஐந்து மீட்டர் ஜிஐ பைப் நட்டோம். அதற்குப் பிறகு கரும்பால் தொல்லை இல்லை.

அடுத்தது ரிப்பீட்டர், அதாவது வருகிற சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி. இதைக் கொட்டகைக்குள்ளேயே வைப்பவர்கள் அதிகம். சிக்னலே எட்டாத இடத்தில் வைத்த ரிப்பீட்டர் எதைத் திருப்பி அனுப்பும்? நடுவில் வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் கருவியில் வேகம் பாதியாகிவிடும். வீட்டுக்குள் இரண்டு அறை தாண்ட அது சரி. வயலைத் தாண்ட, ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் வெளிப்புற ஜோடிக் கருவிதான் வேண்டும். கொட்டகை தகர ஷீட் போட்டதென்றால் அந்தக் கருவி வெளியேதான் இருக்க வேண்டும். தகரம் அலையை உள்ளே விடாது.

ஜோடிக் கருவியை அமைக்கும்போது, சக்தி கூடட்டும் என்று அதன் செட்டிங்கில் நாட்டின் பெயரை மாற்றி வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை வெளியிடங்களிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2018 முதல் விதி இருக்கிறது. அந்தச் சலுகை குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் மட்டுமே. 180 மீட்டருக்கு அந்த வரம்பே தாராளம்.

சரி, கேபிள்தான் என்று முடிவெடுத்தால் அதிலும் கவனம் வேண்டும். சாதாரண லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் போனால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் தொங்கும். எங்களுக்கு முதலில் ஒரு கடையில் கொடுத்தது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட மலிவு ரகம். விலை பாதிதான், ஆனால் மின்தடை அதிகம். அந்த ஒயர் வழியாகவே கருவிக்கு மின்சாரம் அனுப்பியபோது மறுமுனைக்குப் போதிய வோல்ட் வந்து சேரவில்லை. முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். வெளியில் போடுவதற்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புற ரகம் வேண்டும். வீட்டு ரகத்தின் உறை வெயிலில் வெடித்துவிடும்.

இதையெல்லாம்விட நான் அதிகம் பயப்படுவது இடிக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் விழும் இடி தெரியாததா? இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு ஒயர் இழுத்தால், அருகில் எங்காவது இடி விழுந்தாலே அந்த ஒயரில் மின்னழுத்தம் எழும்பி இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைச் சுட்டுவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்கி, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். 100 மீட்டர் என்ற எல்லையும் இதற்குக் கிடையாது. எலி கடிக்காமலும் ஏர் கிழிக்காமலும் இருக்க பைப்புக்குள் விட்டு, உழவு படாத வரப்போரமாகப் புதையுங்கள். கரண்ட் ஒயர் போகும் பள்ளத்தில் சேர்த்துப் போடாதீர்கள்.

கொட்டகையில் பழைய ரவுட்டரை மாட்டுபவர்கள் அதை அக்சஸ் பாயிண்ட் ஆக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாக, மாற்ற மறந்துவிடுகிறார்கள். இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண்தான் ஐபி முகவரி; இரண்டு ரவுட்டரும் தனித்தனியாக அதைக் கொடுத்தால் ஒரே குழப்பம். இரண்டாவதில் அந்த வேலையை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் கரண்ட். விவசாய இணைப்பில் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது, மோட்டார் எடுக்கும்போது வோல்ட் இறங்கும். எங்கள் கொட்டகையில் 12 வோல்ட் பேட்டரியும் சின்ன சோலார் தகடும் வைத்த பிறகுதான் கேமரா இரவிலும் நிற்காமல் ஓடியது. கருவிக்கு எத்தனை வோல்ட் என்று பார்த்து அடாப்டர் போடுங்கள். 24 வோல்ட் கருவிக்கு 48 கொடுத்தால் கருகிவிடக்கூடும். கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று பின்களை அரித்துவிடும் என்பதால் மூடி போட்ட கனெக்டர் அவசியம்.

பைப்பை இழுவைக் கம்பி கட்டி நிறுத்துங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் பலா மரங்களையே வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. பெரிய புயல் வராவிட்டாலும் மழைக்காலக் காற்றில் கருவி மெல்லத் திரும்பும். மார்கழியில் மழை ஓய்ந்ததும் ஒருமுறை மாடியேறி, இரண்டும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பாருங்கள். போன வருடம் எங்களுடையது நான்கு விரல்கடை திரும்பியிருந்தது.