தள்ளிப்போடும் வேலையை உளவியல் கோட்பாடுகளின் துணையோடு ஆராய்வது எப்படி?

செய்தாக வேண்டும் என்று தெரிந்திருந்தும், அதற்கான நேரம் இருந்தும், கை போகாத வேலை ஒன்று ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும். அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டு நம்மை நாமே கடிந்துகொள்வதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடுகிறது. ஊக்கம், மனவெழுச்சி ஆகியவற்றைப் பற்றி உளவியலாளர்கள் உருவாக்கிய கோட்பாடுகள் இந்த இடத்தில் பயன்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் அந்த வேலையை நோக்கி வெவ்வேறு கேள்வியைக் கேட்கின்றன. எந்தக் கோட்பாடு சரி என்ற விவாதத்தை விட, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதே நடைமுறையில் முக்கியம். பாடநூல்கள் பெரும்பாலும் ஊக்கத்தை முதலிலும் மனவெழுச்சியைப் பிறகும் வைக்கின்றன. வேலையைத் தள்ளிப்போடுபவருக்கு அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. ஏனெனில் வேலையை எண்ணும்போது எழும் விரும்பத்தகாத உணர்ச்சியிலிருந்து விலகிச் செல்வதே பல நேரங்களில் தள்ளிப்போடுதலாக வெளிப்படுகிறது.

முதலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். "எனக்கு எதிலும் ஊக்கமில்லை" என்பதை இம்முறையால் ஆராய முடியாது. "பாதியில் நிற்கும் ஆய்வறிக்கையின் மூன்றாம் பகுதி" என்பதை ஆராய முடியும். எல்லாவற்றிலும் ஆர்வம் அற்றுப்போன நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கமும் பசியும் மாறியிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்போது நாட வேண்டியது மருத்துவரை, இத்தகைய வழிகாட்டியை அல்ல.

வேலைக்கான கோப்பைத் திறந்து வைத்துவிட்டு, உடலில் என்ன நிகழ்கிறது என்று கவனியுங்கள். உடல் மாற்றங்களை உணர்வதே மனவெழுச்சி என்று வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் எழுதினார். வால்டர் கேனன் 1927-இல் அதை மறுத்தார்: அச்சத்திலும் சினத்திலும் காய்ச்சலிலும்கூட உள்ளுறுப்புகளில் ஏறத்தாழ ஒரே விதமான மாற்றங்களே ஏற்படும்போது, அவற்றைக் கொண்டு மட்டும் உணர்ச்சிகளை வேறுபடுத்த முடியாது என்றார். ஸ்டான்லி ஷாக்டரும் ஜெரோம் சிங்கரும் 1962-இல், உடலின் கிளர்ச்சியும் அதற்கு நாம் கற்பிக்கும் காரணமும் சேர்ந்தே உணர்ச்சி ஆகின்றன என்று வாதிட்டனர். அவர்களுடைய சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே முடிவுகள் கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு நடைமுறைப் பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குறைந்த உறக்கமோ, பசியோ, அதிகப்படியான காபியோ உண்டாக்கிய படபடப்பை அந்த வேலையின் மீதான வெறுப்பாக நாம் தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே உடல் தேவைகளைச் சரிசெய்த பின்னரும் அந்தத் தயக்கம் எஞ்சுகிறதா என்று பாருங்கள்.

எஞ்சினால், அதற்குத் துல்லியமான பெயர் கொடுங்கள். மேத்யூ லீபர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், முகப்படங்களில் தெரிந்த உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டவர்களின் மூளையில், அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. பெயரிடுவதன் பயன் அதோடு நிற்பதில்லை. "பிடிக்கவில்லை" என்ற பொதுச்சொல்லுக்குப் பின்னால் சலிப்பு, அச்சம், வெட்கம், மனக்கசப்பு, குற்றவுணர்வு ஆகியவற்றுள் எதுவும் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. சலிப்பூட்டும் வேலையைச் சற்றுக் கடினமாக்கினால் அது சுவைக்கத் தொடங்கும். அச்சமூட்டும் வேலையை அப்படிச் செய்தால் நிலைமை மோசமாகும்.

அடுத்தது ரிச்சர்ட் லாசரஸ் முன்வைத்த மதிப்பீட்டுக் கோட்பாடு. இந்த முழு முறையிலும் அதிக நேரம் செலவிடத்தக்க இடம் இதுவே. நிகழ்வை நாம் எப்படி மதிப்பிடுகிறோமோ அதற்கேற்ப உணர்ச்சி பிறக்கிறது என்பது அவர் கருத்து. இதனால் எனக்கு என்ன ஆபத்து அல்லது என்ன ஆதாயம் என்பது முதல் மதிப்பீடு. இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டையும் தாளில் எழுதுங்கள். "அறிக்கையைப் படிப்பவர் என் அறியாமையைக் கண்டுபிடித்துவிடுவார்" என்று முதல் விடை வந்தால், அச்சம் அறிக்கையைப் பற்றியதன்று, உங்கள் மதிப்பைப் பற்றியது என்பது தெளிவாகும். இரண்டாம் விடையை எழுதும்போது, நீங்கள் கையிருப்பாகக் கருதாத உதவிகளும் கண்ணில் படும்: கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவர், முன்னர் எழுதிய குறிப்புகள், கால நீட்டிப்புக் கோரும் வாய்ப்பு. எதுவுமே எழுத வரவில்லை என்றாலும் கவலை வேண்டாம். விருப்பு வெறுப்புகள் சிந்தனைக்கு முன்பே தோன்றிவிடக்கூடும் என்று ராபர்ட் சயோன்க் 1980-இல் லாசரஸின் கருத்துக்கு எதிராக வாதிட்டார். அந்த விவாதம் இன்றும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை.

எழுதிய மதிப்பீடு மிகையானது என்று தோன்றினால் அதை மாற்றி எழுதுங்கள். உணர்ச்சியை விழுங்கிக்கொண்டு வேலையில் இறங்குவதை விட இது மேலானது. வெளிப்பாட்டை அடக்கினால் முகத்தில் தெரிவது குறையுமே தவிர, உள்ளே உணரும் துன்பம் குறைவதில்லை என்பதை ஜேம்ஸ் கிராஸின் சோதனைகள் காட்டின. படபடப்பைத் தணிக்க முயல்வதும் எப்போதும் தேவையில்லை. அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றத்தைப் பரபரப்பான உற்சாகம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களை விட நன்றாக மேடையில் பேசினர்.

உணர்ச்சி தெளிவான பிறகே ஊக்கத்திற்கு வர வேண்டும். இங்கே முதற்கேள்வி, இந்த வேலை யாருடையது என்பது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த தன்னிர்ணயக் கோட்பாட்டின்படி, தன் விருப்பப்படி இயங்குகிறேன் என்ற உணர்வும், திறமை கூடுகிறது என்ற உணர்வும், பிறரோடு பிணைந்திருக்கிறேன் என்ற உணர்வும் மனிதரின் அடிப்படை உளத்தேவைகள். வேலையைச் செய்ய நீங்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். "திட்டுவார்கள்" என்பது வெளியிலிருந்து வரும் கட்டாயம். "செய்யாவிட்டால் நான் எதற்கும் உதவாதவன்" என்பது உள்ளே குடியேறிவிட்ட கட்டாயம். இது பொறுப்புணர்ச்சி போலத் தோன்றுவதால் எளிதில் ஏமாற்றும். "இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும் என்று நானே விரும்புகிறேன்" என்பது வேறு வகை. மூன்றாம் வகைக் காரணம் ஒன்றையாவது நேர்மையாக எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

கட்டாயத்திற்குப் பதிலாகப் பரிசை வைக்கலாம் என்று தோன்றும். 1973-இல் மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளுள், பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. எனவே பரிசை உண்மையிலேயே சலிப்பான பகுதிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விருப்பம் இருந்தும் கை ஓடவில்லை என்றால், விக்டர் வ்ரூம் 1964-இல் வகுத்த எதிர்பார்ப்புக் கோட்பாட்டைப் பொருத்திப் பாருங்கள். முயன்றால் முடியும் என்ற நம்பிக்கை, முடித்தால் பலன் வரும் என்ற நம்பிக்கை, அந்தப் பலனின் மதிப்பு ஆகிய மூன்றும் அதில் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன; ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம். பெரும்பாலும் முதலாவதே தளர்ந்திருக்கும். அதை வலுப்படுத்துவதில் பிறர் சொல்லும் ஊக்கமொழிகளை விட, சிறிய அளவிலாவது தானே செய்து வெற்றி கண்ட அனுபவமே ஆற்றல் மிக்கது என்று ஆல்பர்ட் பண்டூரா கருதினார். ஆகவே மூன்றாம் பகுதி முழுவதையும் விட்டுவிட்டு, உங்களால் நிச்சயம் எழுத முடிந்த பத்தியில் தொடங்குங்கள்.

உணவு போன்ற உடல் தேவைகளை அடியிலும் தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தும் தேவையை உச்சியிலும் வைக்கும் ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைப் படிநிலையை இந்த ஆய்வில் நான் சேர்க்கவில்லை. 1943-இல் வெளியான அவருடைய கட்டுரையில், அதை விளக்கப் பாடநூல்கள் வரையும் புகழ்பெற்ற பிரமிடு இல்லை. தேவைகளின் வரிசை மாறாதது அன்று என்றும் அவரே அதில் எழுதியிருக்கிறார். ஒரு தனி வேலை ஏன் நிற்கிறது என்று கண்டறிய அது மிகவும் பரந்த கருவி.

இறுதியாக, கண்டறிந்ததை நேரத்தோடும் இடத்தோடும் கட்டுங்கள். "இந்த வாரம் எழுதுவேன்" என்பது நோக்கம் மட்டுமே. "காலை உணவு முடிந்ததும் மேசையில் அமர்ந்து, தரவு சேகரித்த முறை பற்றிய பத்தியை எழுதுவேன்" என்பது, பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த வகையிலான செயல்திட்டம். இத்தகைய திட்டங்கள் குறிக்கோளை எட்ட நடுத்தரம் முதல் பெரிய அளவு வரை உதவுகின்றன என்று அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துக் காட்டினர். திட்டம் தவறினால் முதலில் குறிக்கோளை மாற்றாமல், அதைத் தொடங்கிவைக்கும் வேளையை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் மதிப்பீட்டுத் தாளுக்குத் திரும்புங்கள். அங்கே எழுதாமல் விட்ட அச்சம் ஒன்று இருக்கலாம். அச்சமும் இல்லை, உங்களுக்கென்று ஒரு காரணமும் இல்லை என்பது உறுதியானால், அந்த வேலையைக் கைவிட முடியுமா என்று அதற்காகக் காத்திருப்பவரிடமே பேசுவதுதான் அடுத்த படி.