படிச்சாச்சு, ஆனால் மூடினால் ஞாபகம் இல்லை

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் ஐந்தாறு தமிழ்ப் பிள்ளைகள் மாலையில் என் வீட்டுக்குப் படிக்க வருவார்கள். பள்ளியில் ஒரு சாப்டரைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். வந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "படிச்சாச்சு ஆன்ட்டி."

போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அறிவியல் புத்தகத்தோடு வந்தாள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் உயிர்ச் செயல்கள் பற்றிய பாடம். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். "பாலைவனச் செடி ஏன் ராத்திரியில் கரியமில வாயுவை எடுக்கிறது?" என்று கேட்டேன். அந்த வரிக்கும் மஞ்சள் பூசியிருந்தாள். புத்தகத்தைத் திருப்பி வரியை அப்படியே வாசித்தாள். மூடிவிட்டுச் சொல் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. காரணம் அதே பாடத்தில் சற்றுத் தள்ளி இருக்கிறது: கரியமில வாயு நுழையும் இலைத்துளை திறந்தால் நீரும் ஆவியாகிப் போகும். பகல் வெயிலில் திறந்து வைத்தால் பாலைவனச் செடிக்குக் கட்டுப்படியாகாது. இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்கும் வேலையை ஹைலைட்டர் செய்யாது. எல்லா வரியும் முக்கியம் என்று கோடு போட்டால் எதுவுமே முக்கியமில்லை என்றாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய தவறு, திரும்பத் திரும்ப வாசிப்பது. மூன்றாவது தடவை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய் சரளமாக ஓடும். "இது எனக்குத் தெரியும்" என்று மனம் நம்பிவிடும். பார்த்த முகம் என்பதும் பெயர் தெரியும் என்பதும் ஒன்றா? 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, வெறுமனே படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான்.

ஆகவே ஒரு துணைத்தலைப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். ரஃப் நோட்டில் நினைவில் நிற்பதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவில் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் நாளை படிக்க வேண்டியது. பாடம் கேட்பவன் கேட்டதை நினைக்க வேண்டும், வினாவ வேண்டும், வினவியதற்கு விடை சொல்லவும் வேண்டும் என்று நன்னூல் அன்றே வகுத்து வைத்திருக்கிறது. நாம்தான் அதை விட்டுவிட்டு, நம்மூரில் நெட்டுரு என்றும் இங்கே 'ரட்டா' என்றும் சொல்வதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் ஆங்கிலம், தெரு இந்தி, வீடு தமிழ். இதைக் குறையாக நினைத்து, "எனக்கு இங்கிலீஷ் வராது, எப்படிச் சொல்லித்தருவேன்" என்று கலங்கும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். நீங்கள் சொல்லித்தர வேண்டாம், கேட்டால் போதும். "இன்னிக்கு என்ன படிச்சே, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். ஆங்கில வரியை மனப்பாடமாக ஒப்பிக்கலாம். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் புரிந்திருந்தால்தான் முடியும். நடுவில் ஒரு "ஏன்?" போடுங்கள். அதன் பிறகு பிள்ளை அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கட்டும், பரீட்சை அந்த மொழியில்தானே.

பாடத்தின் நடுநடுவே பெட்டியில் வரும் கேள்விகளைத் தாண்டிப்போவதும் வழக்கமாகிவிட்டது. வரலாற்றுப் புத்தகத்தில் ஓரத்துப் படங்களையும் மூல ஆவணப் பெட்டிகளையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைடும் யூடியூப் சுருக்கமும் இவற்றை விட்டுவிடும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஏறத்தாழ பாதி, படித்ததைப் பொருத்திப் பார்க்கும் கேள்விகளாக மாறியிருக்கும்போது, முதலில் கைடைத் திறப்பது நஷ்டம்தான். புத்தகத்தை முடித்த பிறகு வீடியோ பாருங்கள், அதில் தவறில்லை.

இன்னொன்று, முதல் நாள் இரவு ஒரே மூச்சில் முடிப்பது. மறதி தொடக்கத்தில்தான் வேகமாக ஓடும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்துக் காட்டினார். மறுநாள் பத்து நிமிடம், நான்கு நாள் கழித்துப் பத்து நிமிடம், அடுத்த வாரம் ஒரு தடவை. மூன்று மணி நேரம் உட்காருவதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் அன்றிரவு பாலைவனச் செடியைப் பாட்டியிடம் தமிழில் சொல்லியிருக்கிறாள். பாட்டி கேட்டாராம்: "அப்போ நம்ம பால்கனியில இருக்கிற சோத்துக் கத்தாழையும் அப்படித்தானா?" பதில் தெரியாமல் மறுநாள் என்னிடம் ஓடி வந்தாள். ஆமாம், கற்றாழையும் இரவில்தான் இலைத்துளையைத் திறக்கும்.