படம் திக்கினால் பழி கம்ப்யூட்டர் மேல்தானா?

வீடியோ எடிட் செய்யும்போது, கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் படம் திக்கித் திக்கி ஓடும். நடுவில் ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படம், பச்சையாக மின்னும். உடனே மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவோம். இல்லையென்றால் ரேம் வாங்கக் கிளம்புவோம். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அசல் கிளிப்பை விஎல்சி வீடியோ பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் பச்சை வந்தால் பெரும்பாலும் கோப்பே கெட்டிருக்கிறது. அங்கே சுத்தமாக ஓடினால், எடிட்டிங் மென்பொருளில் ஹார்டுவேர் டீகோடிங்கை (வீடியோவைப் பிரித்துப் படிக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைத்துப் பாருங்கள். பச்சை போய்விட்டதென்றால் கவனிக்க வேண்டியது கிராபிக்ஸ் டிரைவரை.

ஆனால் அதிகம் அழவைப்பது, செல்போன் வீடியோவை அப்படியே டைம்லைனில் போடும் பழக்கம்தான். பல போன்கள் ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, ஒரே சீராக வைத்திருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் அதுவும் குறையும். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு, 40 நிமிட கிளிப். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் வந்த அத்தை வளையல் போட்டுக் கையை எடுத்த பிறகுதான் வளையல் குலுங்கும் சத்தமே கேட்டது. ஆடியோவைத் துண்டு துண்டாக வெட்டி நகர்த்தியே ஒரு ராத்திரி போயிற்று. அப்படிச் செய்யவே கூடாது. விநாடிக்குச் சராசரி 29.97 ஃபிரேம் உள்ள கிளிப்பை எடிட்டர் 30 என்று எடுத்துக்கொண்டாலே 40 நிமிடத்தில் படமும் சத்தமும் சுமார் 2.4 விநாடி விலகும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் கிளிப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் 'வேரியபிள்' (மாறுவது) என்று காட்டினால், வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட்' (சீரானது) தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். இலவச மென்பொருள்தான். வெட்டத் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

'கோப்பு சின்னது, சுலபமாக ஓடும்' என்று நினைப்பதும் தவறு. எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோ கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுசாக இருக்காது. பலவற்றில் பக்கத்து ஃபிரேமிலிருந்து மாறியது மட்டுமே இருக்கும். நடுவில் ஓரிடத்தைத் தொட்டால், முந்தைய முழு ஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். திக்குவது அதனால்தான். பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் பயன்படும் லேசான நகல்) உருவாக்கி வேலை பாருங்கள், அல்லது எடிட்டிங்குக்கென்றே உள்ள புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றுங்கள். கோப்பு பல மடங்கு ஊதும். ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும்.

பென் டிரைவிலிருந்து நேராக எடிட் செய்யாதீர்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பைப் போடும் முன்பே டைம்லைன் ஃபிரேம் ரேட்டை முடிவு செய்யுங்கள். போட்ட பிறகு அந்த டைம்லைனில் மாற்ற விடாது. பிரீவியூ மங்கலாகத் தெரிந்தால் பதறி ஷார்ப்னெஸ் கூட்டாதீர்கள். பிளேபேக் ரெசல்யூஷன் (பிரீவியூவில் படத்தை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற அமைப்பு) கால் பங்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.