நாப்பத்தஞ்சு தாண்டியாச்சா? வேலை போயிடுமோங்கற பயத்துக்கு இப்பவே செஞ்சு வைக்க வேண்டியது

பக்கத்து டீம்ல ரெண்டு பேரை அனுப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் நம்மள்ல முக்காவாசி பேர் உடனே செய்யறது, ஏதாவது ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல பணத்தை கட்டி சேர்ந்துடறது. தப்புன்னு சொல்லல, ஆனா அது முதல் வேலை இல்ல. முதல் வேலை ஒரு பேப்பர் எடுத்து, சம்பளம் நின்னா எத்தனை மாசம் வீடு ஓடும்னு கணக்கு போடறது. இஎம்ஐ, ஃபீஸ், இன்சூரன்ஸ், மருந்து எல்லாம் சேர்த்து. வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ கூடவே உக்காந்து போடுங்க, மறைச்சு வச்சு தனியா முழிச்சுட்டு இருக்கறதுல ஒரு லாபமும் இல்ல. மூணு மாசம்தான் வரும்னா கோர்ஸை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அந்த மூணை ஆறாக்கற வழிய பாருங்க.

கம்பெனி மருத்துவ இன்சூரன்ஸை மட்டும் நம்பி இருக்கறவங்க வேலைல இருக்கும்போதே சொந்தமா ஒண்ணு எடுத்து வைங்க. நிறைய பாலிசில ஏற்கனவே இருக்கற சுகர், பிரஷருக்கெல்லாம் காத்திருப்புக் காலம்னு ஒண்ணு போடுவாங்க, வேலை போனப்புறம் ஓடினா அந்த காலம் அப்பதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது, ஏன் வயசானவங்க பேர் லிஸ்ட்ல வருதுன்னு புரிஞ்சுக்கணும். நரைச்ச முடிய பாத்து மட்டும் இல்ல. வருஷா வருஷம் சம்பளம் ஏறிருக்கும், செய்யற வேலை அஞ்சு வருஷம் முன்னாடி செஞ்ச அதே வேலையா இருக்கும், செலவு குறைக்கணும்னு எக்செல் ஷீட்டை திறக்கறவன் கண்ணுல அந்த வரிதான் முதல்ல படும். அப்ப உங்க மேனேஜர் "இவர் இல்லன்னா இது நடக்காது"ன்னு ஒரே வரில சொல்ல முடியணும், மேனேஜர் போன வருஷம்தான் மாறி வந்தவர்னா அவருக்கு உங்க பழைய சாதனை எதுவுமே தெரியாது. அதனால மாசம் ஒரு தடவை என்ன முடிச்சோம், எவ்வளவு மிச்சம் பண்ணிக் குடுத்தோம்னு நாலு வரி மெயில் போடுங்க. சுயதம்பட்டம்னு கூச்சப்படற தலைமுறை நம்மளது, ஆனா அந்தக் கூச்சத்துக்கு அப்ரைசல்ல மார்க் கிடையாது. நீங்க செஞ்சதோட குறிப்பை சொந்த நோட்டுலயும் எழுதி வைங்க, ஆனா கம்பெனி ஃபைலை வீட்டு மெயிலுக்கு அனுப்பிடாதீங்க, அதையே காரணமா காட்டி வெளிய அனுப்ப முடியும்.

கத்துக்கறதா இருந்தா, உங்க டீம்ல இப்ப புதுசா வந்துருக்கற டூலை முதல்ல கத்துக்கோங்க. சின்னப் பசங்ககிட்ட கேக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல. "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிக்கற பேச்சை மட்டும் ஆஃபீஸ்ல நிறுத்திடுங்க, ப்ளீஸ்.

ரெஸ்யூம்ல கடைசி பத்து பதினஞ்சு வருஷம் போதும், டிகிரி முடிச்ச வருஷத்தை எடுத்துடலாம், அது பொய் இல்ல. ஆனா ஆன்லைன்ல அப்ளை பண்ணியே வேலை கிடைச்சுடும்னு இருக்காதீங்க. அமெரிக்கால 40,000-க்கு மேல போலி விண்ணப்பம் அனுப்பி பாத்த ஒரு ஆய்வு 2019-ல வந்துச்சு, அதுல வயசான பெண்களுக்கு, முக்கியமா ரிட்டயர்மென்ட்டை நெருங்கினவங்களுக்கு, இன்டர்வியூக்கு அழைப்பு வந்தது தெளிவா கம்மியா இருந்துச்சு. அதனால உங்க வேலைய நேர்ல பாத்தவங்கதான் கதவு. பழைய கலீக்ஸ் கூட வாரம் ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட சும்மாவாவது பேசுங்க, பத்து வருஷம் கழிச்சு திடீர்னு போன் பண்ணி "வேலை இருக்கா"ன்னு கேட்டா அவங்களுக்கும் சங்கடம்தான். இன்டர்வியூல "உங்க அனுபவத்துக்கு இது சின்ன வேலையாச்சே"ன்னு சொன்னா, பாதி நேரம் அவங்க மனசுல இருக்கறது சம்பளமும், உங்களை விட சின்னவருக்கு கீழ வேலை செய்வீங்களாங்கறதும்தான், ரெண்டுக்கும் அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நேரா பதில் சொல்லிடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஹெச்.ஆர். ரூமுக்கு கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டி, "நீங்களே ராஜினாமா பண்ணிட்டா உங்களுக்குதான் நல்லது"ன்னு சொன்னா, அன்னைக்கு கையெழுத்து போடாதீங்க. வக்கீல்கிட்ட காட்டணும், டைம் வேணும்னு மரியாதையா சொல்லிட்டு எழுந்து வாங்க. ராஜினாமான்னு எழுதிக் குடுத்துட்டா நிறைய இடத்துல நஷ்டஈடு, வேலையில்லாதோர் உதவித்தொகை எல்லாம் சிக்கலாயிடும், அவங்க அனுப்பினதா பேப்பர்ல இருந்தா நிலைமையே வேற. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கால 40 தாண்டினவங்களுக்கு 1967-லேர்ந்தே வயசு பாகுபாட்டுக்கு எதிரா சட்டம் இருக்கு, வயசு சம்பந்தமான உரிமைய விட்டுக்குடுத்து கையெழுத்து கேட்டா யோசிக்க 21 நாள், கும்பலா அனுப்பறாங்கன்னா 45 நாள் குடுக்கணும், போட்டப்புறமும் 7 நாளுக்குள்ள வாபஸ் வாங்கலாம். இங்கிலாந்துல 65 ஆச்சுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பற வழக்கத்தை 2011-ல எடுத்துட்டாங்க. உங்க ஊர்ல என்னன்னு ஒரு லேபர் வக்கீல்கிட்ட இப்பவே ஒரு மணி நேரம் கேட்டு வச்சுக்கலாம். "இளரத்தம் வேணும்", "உங்களுக்கு இனிமே ரெஸ்ட்தானே"ன்னு யாராவது சொன்னா தேதி, யார் சொன்னது, கூட யார் இருந்தாங்க எல்லாம் அன்னைக்கே குறிச்சு வைங்க, பின்னாடி அதுதான் ஆதாரம்.

பேரம் பேசலாம்ங்கறதே பல பேருக்கு தோணறதில்ல. பணத்தை மட்டும் கேக்காதீங்க. கடைசி தேதிய தள்ளிப் போடறது, இன்சூரன்ஸை இன்னும் கொஞ்ச மாசம் நீட்டறது, பாக்கி லீவுக்கு காசு, ரிலீவிங் லெட்டர்ல என்ன வார்த்தை வரணும்ங்கறது, இதெல்லாம் கேக்கலாம். வாயால சொன்னதை பின்னாடி நிரூபிக்கறது கஷ்டம், மெயில்ல வாங்குங்க.

செட்டில்மென்ட் வந்ததும் பிசினஸ் ஆசை வரும். அமெரிக்கால ரொம்ப வேகமா வளர்ந்த புது கம்பெனிகளை ஆரம்பிச்சவங்களோட சராசரி வயசே 45-ன்னு 2018-ல ஒரு ஆய்வு சொன்னது, அதனால வயசு தடை இல்ல, ஆனா அதே துறைல முன்னாடி வேலை பாத்தவங்கதான் அதிகமா ஜெயிச்சதாவும் அதே ஆய்வு சொல்லுது. தெரியாத தொழில்ல மொத்தத்தையும் போடறதா இருந்தா ஆறு மாசம் தள்ளிப் போட்டு, அந்தத் தொழில்ல இருக்கற யார்கிட்டயாவது சம்பளம் கம்மியா இருந்தாலும் சேர்ந்து கூட நின்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.