ஆர்எக்ஸ் 100-க்கு டிராக் டயர்: எடுப்பது, மாட்டுவது, பார்த்துக்கொள்வது

டிராக் ரேஸுக்கு, அதாவது நேர்பாதையில் 402 மீட்டர் (கால் மைல்) ஓடும் வேகப் போட்டிக்கு, முதல் தடவையாக வண்டி தயார் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வைத்துச் சொன்னாலும், ஸ்போக் வீலும் ட்யூப் டயரும் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். வீலைக் கழற்றி மாட்டவும் செயின் டைட் வைக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கங்கைகொண்டானிலிருந்து நாங்குநேரி வரைக்கும் நான்குவழிச் சாலை நேராகக் கிடக்கிறதே, ராத்திரி அங்கேயே ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்கிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், குறுக்கே ஏறும் மாடும் பின்லைட் இல்லாத டிராக்டரும் யாருக்கும் ஒதுங்கப் போவதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் டிராக் போட்டி வைக்கிறார்கள். போட்டி லைசென்ஸ் எடுத்து, வண்டியை ஏற்றிக்கொண்டு அங்கே போய் ஓட்டுங்கள்.

இன்னொன்று, அமெரிக்க வீடியோ பார்த்துக் காற்று வைக்காதீர்கள். அங்கே தளத்தில் பிடிப்புக்கென்றே பிசின் தெளித்திருப்பார்கள். டயரின் பக்கச்சுவர் கிளம்பும்போது சுருங்கி மடங்குவதற்கென்றே செய்தது. நம் கையில் இருப்பது சாதாரணத் தார்ப்பரப்பும் ரோட்டு டயரும். அந்த 12 பவுண்டு, 14 பவுண்டு கணக்கு இங்கே உதவாது.

1. டயர் எடுப்பது

டயர் எடுக்கும் முன் போட்டி விதிமுறையைப் படியுங்கள். நீங்கள் ஓட்டும் கிளாஸில் ரோட்டு டயர்தான் என்று இருந்தால் ஸ்லிக் (வெட்டே இல்லாத வழுவழுப்பான ரேஸ் டயர்) பற்றிய பேச்சே இல்லை. ஸ்லிக் அனுமதி இருந்தாலும் முதல் சீசனுக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. விலை ஒரு பக்கம், அதைச் சூடேற்றிப் பதமாக வைத்திருக்கும் கைப்பழக்கம் வர நாளாகும்.

பின் டயர் கம்பெனி அளவு 2.75-18 (டயர் அகலமும் ரிம் விட்டமும், அங்குலத்தில்). எல்லாரும் முதலில் அகலத்துக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். உங்கள் ரிம்மில் 1.60 அல்லது 1.85 என்று ஓர் எண் பொறித்திருக்கும், அது அங்குலத்தில் ரிம்மின் உள் அகலம். 1.85 ரிம்மில் 2.75, 3.00 இரண்டும் ஒழுங்காக உட்காரும். அதிலேயே 100/90-ஐ (100 மில்லிமீட்டர் அகல டயர்) திணித்தால் பக்கச்சுவர் இரண்டும் உள்ளே இழுபட்டு, டயரின் நடுப்பகுதி கூம்பிக்கொள்ளும். தரையில் படும் பட்டை அகலமாவதற்குப் பதில் ஒடுங்கிவிடும். காசு கொடுத்து பிடிப்பைக் குறைத்துக்கொள்கிற வேலை. 100/90 போட வேண்டுமென்றால் 2.15 ரிம்மாவது வேண்டும்.

உயரத்தையும் பாருங்கள். 2.75-18 ஒரு சுற்றுக்குச் சுமார் 1.87 மீட்டர் உருளும். 100/90-18 என்றால் சுமார் 2 மீட்டர். ஏறக்குறைய 7 சதவீதம் வித்தியாசம். அதாவது கியர் அந்த அளவு கனமாகிவிடும், கிளம்பும்போது வண்டி திணறும். பின் ஸ்ப்ராக்கெட் 40 பல் இருந்தால் 43-க்குப் போனால்தான் பழைய இழுவை திரும்பும். துல்லியமாகத் தெரிய, ஆளை உட்கார வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி டேப்பில் அளந்துவிடுங்கள்.

கடையில் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்தது. இரண்டு மூன்று வருஷம் கடை வாசலில் வெயில் தின்ற டயரை ஆஃபர் விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள், ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஒரே அளவில் இரண்டு டயர் இருந்தால் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்து, தடம் கூடுதலாக விழுவதை எடுங்கள். அளவுக்குப் பின்னால் வரும் வேக எழுத்தும் முக்கியம்: பி (P) என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை, எஸ் (S) என்றால் 180.

முன் டயர் 2.50-18 போதும். உருளுகிற தடை குறையட்டும் என்று சைக்கிள் டயர் மாதிரி ஒன்றை மாட்டுகிறவர்களும் உண்டு. 402 மீட்டர் முடிந்ததும் வண்டியை நிறுத்துவது அந்த முன் டயர்தான்.

2. மாட்டுவது

டயர் லீவர் குட்டையாக, முனை கரண்டி போல வளைந்ததாக மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ட்யூபில் ஓட்டை நிச்சயம். காற்று பார்க்க 0-30 பவுண்டு டயல் கேஜ். பங்க்கில் இருப்பது லாரிக்கும் சேர்த்துக் காட்டும் கேஜ், அதில் 2 பவுண்டு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பேனா மாதிரி இருக்கும் கேஜ் எனக்குப் பிடிக்காது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும்.

மாட்டும் முன்பே வீலில் கோட்டம் எடுத்துவிடுங்கள். ரிம் டேப் புதிதாகப் போடுங்கள். ட்யூப் புதிது, மேலே டால்கம் பவுடர் ஒரு பூச்சு. பக்கச்சுவரில் அம்புக்குறி சுற்றும் திசையைக் காட்ட வேண்டும், மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரட்டும்.

இனிமேல்தான் விஷயம். என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த இடம்தான்.

காற்றைக் குறைத்துக்கொண்டு கிளட்சை விட்டால், ரிம் முன்னால் சுற்றப் பார்க்கும், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பின்தங்கும். டயர் ரிம்மின் மேல் மெல்ல நழுவும். ட்யூப் டயரோடு போகும், வால்வோ ரிம்மின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, ஒரு நாள் வால்வ் அடியோடு பிய்ந்துவிடும். அது நூறு கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நான்கு காரியம் செய்ய வேண்டும்.

சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தொட்டு மாட்டுங்கள், கிரீஸ், ஆயில், டீசல் எதுவும் கூடாது. மாட்டிய பிறகு 40 பவுண்டு வரை ஏற்றி (பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல்; இதை மட்டும் பங்க் கேஜில் பாருங்கள், 0-30 கேஜ் தாங்காது), டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் காற்றை முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். உள்ளே ட்யூபில் மடிப்பு இருந்தால் நேராகிவிடும். ஒரு நாள் அப்படியே விட்டு சோப்பு ஈரம் காயட்டும். ஈரம் இருக்கும்வரை டயர் வழுக்கும்.

அடுத்தது வால்வ் நட். பஞ்சர் கடையில் பழக்கதோஷத்தில் அதை ரிம்மோடு சேர்த்து முடுக்கிவிடுவார்கள். வேண்டாம் என்றால், “லூசா கிடந்தா ஆடும்லா தம்பி” என்பார்கள். ஆடட்டும் அண்ணாச்சி, அதுதான் வேண்டும். நட்டைத் திருகி மேலே மூடிவரை கொண்டுபோய் விடுங்கள். அப்போது ட்யூப் நகர்ந்தால் வால்வ் சாய்வது வெளியே தெரியும், பிய்வதற்கு முன் நிறுத்தலாம்.

மூன்றாவது, வெள்ளை பெயிண்டால் ரிம்மிலும் டயரிலும் சேர்த்து ஒரு கோடு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குனிந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டாக விலகியிருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது.

நான்காவது, கோடு நகர்ந்தால் மட்டும், ரிம் லாக், அதாவது டயரின் ஓரத்தை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வி. காட்டுப்பாதை வண்டிகளுக்காக ஆன்லைனில் கிடைக்கிறது, உங்கள் ரிம் அளவுக்கே 1.60, 1.85 என்று வரும். வால்வுக்கு எதிர்ப்பக்கம், இரண்டு ஸ்போக்குக்கு நடுவில் துளை போட்டு, விளிம்பை அரத்தால் மழுக்கி மாட்டுங்கள். எடை ஒரு பக்கம் கூடும், மாட்டியபின் வீலை பேலன்ஸ் செய்தே ஆகவேண்டும்.

3. காற்றும் சூடும்

பின் டயருக்கு 28 பவுண்டில் தொடங்கி 2, 2-ஆக இறக்குங்கள். ரோட்டு டயரில் 20-க்குக் கீழே நான் போவதில்லை, வேகம் ஏறியதும் பின்பக்கம் அலைய ஆரம்பிக்கும். முன்னால் 28. வெயில் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 10 டிகிரி சூடு ஏறினால் 1 பவுண்டுக்குச் சற்றுக் கூடும். காலையில் வைத்த 20, மத்தியானம் அதே 20 இல்லை. ஓடுவதற்கு முன் பார்ப்பதுதான் கணக்கு.

புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு ட்ராக்குக்குக் கொண்டுபோங்கள். டயர் பாலிஷ் பக்கமே போகாதீர்கள்.

நின்ற இடத்திலேயே பின் டயரைச் சுற்றவிடும் பர்ன்அவுட் புகை படத்துக்கு அழகு. ரோட்டு டயருக்கு மண் உதிர ஒரு நொடி சுற்றினால் போதும், அதிகம் போனால் ரப்பர் பிசுபிசுத்து வழுக்கும். பர்ன்அவுட்டுக்கென்று தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். ட்ரெட் வெட்டு உள்ள ரோட்டு டயர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டார்ட் கோட்டில் உங்கள் காலடியிலேயே விடும்.

4. வீட்டில்

நம் பக்கம் உடைமுள் பெரிய எதிரி. ரோட்டில் ஓடிய டயரில் ஒடிந்த முனை உள்ளேயே தங்கியிருக்கும், 28 பவுண்டில் சும்மா கிடந்தது 20-இல் டயர் நசுங்கும்போது ட்யூபைத் தொடும். மாட்டும் முன் உட்பக்கம் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் ட்ராக்குக்கென்று தனி வீல் செட்.

போட்டி இல்லாத மாதங்களில் கறுப்புப் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பம்ப்செட் அறையிலும் வெல்டிங் பட்டறையிலும் வேண்டாம், மோட்டார் பொறியும் வெல்டிங்கும் கிளப்பும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும்.

பின்சேர்க்கை

நைட்ரஜன் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். ஈரமில்லாத காற்று என்பதைத் தவிர நமக்கு லாபம் எதுவும் இல்லை.

அலாய் வீல் மாற்றி ட்யூபை எடுத்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. ட்யூப்லெஸ் ரிம்மில் டயரின் ஓரம் உள்ளே நழுவாதபடி ஒரு மேடு இருக்கும். பழைய வண்டிகளுக்கு வரும் பல அலாய் வீல்களில் அந்த மேடு கிடையாது, காற்று குறைத்துக் கிளம்பினால் ஓரம் விலகி மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். ரிம்மில் ட்யூப்லெஸ் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலாய் வீலிலும் ட்யூப் போட்டே ஓட்டுங்கள், வெள்ளைக் கோடும் போடுங்கள்.